நகராத நகரை வெண்பாவில் ஏற்றுவது எப்படி

சென்னை மாநகரப் பேருந்துகளில் சில காலம் பயணம் செய்தவர்களுக்குப் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்ற எச்சரிக்கை தாமாகவே மனப்பாடம் ஆகியிருக்கும். அதை எவரும் செய்யுள் என்று எண்ணுவதில்லை. ஆனால் சீர் பிரித்து, அதாவது செய்யுளின் அடியை அதன் சிறு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தால், படியில், பயணம், நொடியில், மரணம் என்ற நான்கு சொற்களும் ‘புளிமா’ என்னும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருப்பதும், அவற்றுக்கிடையே, ஒரு சீரை அடுத்த சீரோடு இணைக்கும், வெண்பாவுக்குரிய தளை ஓரிடத்திலும் தட்டாமல் ஓடுவதும் தெரியவரும். படியில், பயணம் என்று முதல் எழுத்து ஒன்றி மோனை வந்திருக்கிறது. படி, நொடி என்று இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகை வந்திருக்கிறது. எழுதியவர் யாப்பிலக்கணம் கற்றவரா என்பது முக்கியமன்று. தெருவில் புழங்கும் தமிழ் தானாகவே வெண்பாவின் நடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்பதே நமக்குப் பயன்படும் செய்தி.

அந்த நெருக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு, அன்றாட நகரக் காட்சிகளை இரண்டடியில் ஏழு சீர் கொண்ட குறள் வெண்பாவாகவும், ஒரே சொல் இரு பொருள் தரும் சிலேடை வெண்பாவாகவும் எழுதிப் பார்ப்பதற்கான வழிகளை இங்கே விளக்க முயல்கிறேன். பெருங்கவிதை எழுத விரும்புவோருக்கு இதில் ஒன்றும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் 20 நிமிடத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கு ஓரளவு உதவும்.

முதலில் சொல், பிறகு காட்சி

புதிதாக எழுத வருபவர்கள் காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள். நெரிசல், குப்பை, மழைநீர் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி ஏழு சீர் எழுத முனைகிறார்கள். முடிவில் செய்தித்தாள் தலைப்பைப் போன்ற ஒன்று கிடைக்கிறது. என் அனுபவத்தில் தொடங்க வேண்டிய இடம் சொல்தான். தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சொல் எது என்று தேட வேண்டும். சிலேடையை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்வதைவிட வெளியே போய்க் கண்டெடுப்பது எளிது. அப்படிக் கண்டெடுத்ததே படிப்பவருக்கும் உடனே விளங்கும்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், உஸ்மான் சாலையில் நானும் என் இருசக்கர வண்டியும் அசைய வழியின்றி நின்றுகொண்டிருந்தோம். பின்னால் இருந்தவர், “கொஞ்சம் நகருங்க சார்” என்று மூன்றாம் முறையாகச் சொன்னார். எனக்கு முன்னால் நின்ற பேருந்தின் பலகையில் ‘தி.நகர்’ என்று எழுதியிருந்தது. நகர் என்பது ஊரையும் குறிக்கிறது, அசையச் சொல்லும் ஏவலாகவும் நிற்கிறது என்பது எனக்குப் புதிய செய்தியன்று. ஆனால் இரண்டு பொருளும் ஒரே கணத்தில், ஒன்றையொன்று கேலி செய்துகொண்டு, என் கண்ணிலும் காதிலும் வந்து விழுந்தது அன்றுதான். கிடைத்தது அந்த ஒரு சொல்தான். குறள் அதன் பிறகு மூன்று நாள் கழித்தே வந்தது.

எனவே கைப்பேசியிலோ சிறு குறிப்பேட்டிலோ இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அந்தச் சொல் தெருவில் எங்கெங்கே எந்தப் பொருளில் நிற்கிறது என்ற குறிப்பு. படி என்று எழுதினால் பேருந்தின் படி, பாடம் படி, ஒரு படி அரிசி, அலுவலகத்தின் பயணப்படி என்று நான்கு வரும். ஓட்டு என்றால் வண்டியை ஓட்டுவதும் தேர்தலில் போடுவதும் வரும். ஆறு என்றால் அடையாறும், மாலை மணி ஆறும், குவளையில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீரும் வரும். மாலை, அடி, பால், மணி ஆகியவை எல்லோரும் ஏற்கெனவே கைவைத்துத் தேய்த்துவிட்ட சொற்கள். அவற்றை எடுக்கக் கூடாது என்றில்லை, எடுத்தால் புதிய காட்சி வேண்டும். கடைப் பலகைகளில் ஓரெழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள். அருந்தகம் என்ற பழச்சாற்றுக் கடைக்குப் பக்கத்தில் மருந்தகம் இருந்தால் பாதி வேலையை உங்களுக்காகக் கடைக்காரர்களே முடித்து வைத்திருக்கிறார்கள்.

இருமுறை வரும் சொல்லும் ஒருமுறை வரும் சொல்லும்

சொல் விளையாட்டில் இரண்டு வகையைப் பிரித்தறிந்துகொள்வது நல்லது. ஒரே சொல் ஒரு செய்யுளுக்குள் இரண்டு மூன்று முறை வந்து ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவது ஒன்று. இலக்கணத்தில் மடக்கு எனப்படுவதன் எளிய உறவு இது. ஒரே முறை வந்த சொல்லே இரண்டு பொருளையும் தாங்குவது மற்றொன்று. அதுதான் சிலேடை, அதாவது இரட்டுற மொழிதல். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையையே மேலும் இரண்டாக்கி, சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், வேறுவகையாகப் பிரித்தால் வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் கூறுகிறது.

சிலேடையில் இன்றுவரை முதலில் நினைவுக்கு வருபவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவர். வைக்கோலையும் யானையையும் அவர் ஒரே வெண்பாவில் இணைத்ததற்குக் காரணம் இரண்டுக்கும் உருவ ஒற்றுமை இருந்தது அன்று. போர் என்ற சொல் வைக்கோற்போரையும் சண்டையையும், கோட்டை என்ற சொல் நெல்லின் அளவையும் அரணையும் குறித்ததுதான் காரணம். அவர் காலத்துக் களத்துமேட்டிலும் அரண்மனை வாசலிலும் அந்தச் சொற்கள் உயிரோடு புழங்கின. நாம் பின்பற்ற வேண்டியது அந்தக் கண்ணோட்டத்தையே தவிர, அவருடைய யானையையும் பாம்பையும் அன்று.

தொடக்கத்தில் மடக்கு வகையை முயலுமாறு பரிந்துரைக்கிறேன். அதில் பொருள் தானே விளங்கும், விளக்கவுரை தேவைப்படாது. சிலேடையில் இரண்டு பொருளும் எல்லாச் சொல்லிலும் பொருந்த வேண்டியிருப்பதால் அதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும்.

தெருச் சொற்களால் ஒரு வாய்பாடு

யாப்பைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர்களுக்குத் தேமா, புளிமா என்ற பெயர்களைக் கேட்டாலே கொட்டாவி வரலாம். ஆகவே அவற்றைக் கொஞ்சம் தெருவுக்கு இறக்கி வைக்கிறேன். குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும் ஒற்றோடு வந்தாலும் நேரசை: டீ, பால், பன். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால், ஒற்றுச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நிரையசை: வடை, கடல், புறா. நேர், நேர் என்று வந்தால் தேமா. ஆட்டோ அதற்கு எடுத்துக்காட்டு. நிரை, நேர் என்று வந்தால் புளிமா, சமோசா. நேர், நிரை கூவிளம், சில்லறை. நிரை, நிரை கருவிளம், நடத்துநர். இந்த நான்கின் பின்னும் ஒரு நேரசை கூடினால் காய்ச்சீர்கள் கிடைக்கும். மேம்பாலம் தேமாங்காய், பிரியாணி புளிமாங்காய், தண்ணிலாரி கூவிளங்காய், நடுவழியில் என்பது கருவிளங்காய்.

வெண்பாவின் தளை விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரசையில் தொடங்க வேண்டும். ஆட்டோவுக்குப் பின் சமோசா வரலாம், மேம்பாலம் வரக் கூடாது; பிரியாணிக்குப் பின் மேம்பாலம் வரலாம், சமோசா வரக் கூடாது. குறள் வெண்பாவில் முதலடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர். கடைசிச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக, அதாவது ஓரசையாகவோ ஓரசையோடு குற்றியலுகரம் சேர்ந்ததாகவோ இருக்க வேண்டும். அரசுப் பேருந்துகளில் எழுதி வைத்திருக்கும் திருக்குறள் ஒவ்வொன்றும் இந்த ஏழு சீர்க் கணக்கில்தான் நிற்கிறது. வழக்கமாகப் போகும் பேருந்தில் உள்ள ஒரு குறளை இறங்கும் வரை சீர் பிரித்துக்கொண்டே போனால், ஒரு மாதத்தில் இந்த விதி விரலில் ஏறிவிடும்.

ஒரே ஒரு தடை இங்கே உண்டு. மூன்றாம் அசை நிரையாக முடியும் கனிச்சீருக்கு வெண்பாவில் இடமில்லை. இதனால் அண்ணாநகர் ஒரே சீராக வெண்பாவுக்குள் நுழைய முடியாது, அது தேமாங்கனி. 1995 முதல் ஓடும் பறக்கும் ரயிலும் அப்படியே, ஒரே சீராக எழுதினால் புளிமாங்கனியாகி வாசலிலேயே நின்றுவிடும். இரண்டு சீராகப் பிரித்து, ‘அண்ணா நகரில்’, ‘பறக்கும் ரயிலில்’ என்று எழுதினால் தளையும் பொருந்தும். சைதாப்பேட்டை, மயிலாப்பூர், புரசைவாக்கம் போன்ற நீண்ட பெயர்களைச் சைதை, மயிலை, புரசை என்று மக்களே சுருக்கி வைத்திருப்பது நம் நல்லூழ். தியாகராயர் பெயரைக் கொண்ட நகரோ ஒரே எழுத்தாகச் சுருங்கி, ‘தி’ என்று நிற்கிறது. செய்யுள் எழுதுபவனுக்கு இதைவிடக் கைக்கடக்கமான ஊர் கிடைக்காது.

நகரும் குழியும்

உஸ்மான் சாலையில் கிடைத்த சொல்லை வைத்து முதலில் நான் எழுதியது, ‘தியாகராய நகரில் வண்டிகள் நகரவில்லை’ என்பது. இது தகவல், நகர் இரண்டு முறை வந்தும் ஒரு சிரிப்பும் வரவில்லை. நெரிசலில் உண்மையில் என்ன நடந்தது என்று மறுபடி நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் மற்றவரை நகரச் சொன்னார்கள். சொன்ன எவரும் நகரவில்லை. அந்த முரணை முதலடிக்குக் கொடுத்துவிட்டு ஊர்ப்பெயரைக் கடைசிவரை மறைத்து வைத்தபோது குறள் இப்படி அமைந்தது.

நகர்நகர் என்பார் நடுவழியில் நிற்பார்
நகரா நகர்தி நகர்.

இதைத் தளைக்குச் சோதித்துப் பாருங்கள். நகர்நகர் கருவிளம், அடுத்து என்பார் நேரில் தொடங்குகிறது. என்பார் தேமா, அடுத்து நடுவழியில் நிரையில் தொடங்குகிறது. அது காய்ச்சீர், ஆகவே நிற்பார் நேரில் வருகிறது. நிற்பார் தேமா, ஆகவே இரண்டாம் அடி நகரா என்று நிரையில் தொடங்குகிறது. கடைசி நகர், மலர் என்னும் வாய்பாடு. அடி கடந்து போகும்போதும் தளை பார்க்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதலடியின் கடைசிச் சீருக்கும் இரண்டாம் அடியின் முதற்சீருக்கும் இடையில்தான் பெரும்பாலான குறள்கள் உடைகின்றன.

நகைச்சுவைச் செய்யுளில் கடைசிச் சீருக்கு எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். சிரிப்பை வரவழைக்கும் சொல் ஆறாம் சீரில் வந்து, ஏழாம் சீரில் காண், ஆம், தான் என்ற அடைப்புச் சொல் வந்தால், நகைச்சுவையைச் சொல்லி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமியதைப் போல இருக்கும். இதை எனக்கே நான் அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் எழுதிய இந்தக் குறளைப் பாருங்கள்.

குழியில் மழைநீர் குளம்போலத் தேங்க
வழியில் வழியில்லை வா.

இதன் முதல் வடிவம், ‘மழையில் சாலைக் குழிகள் நிறைந்தன’ என்று தொடங்கியது. மழையில் என்பது மா. அடுத்துச் சாலை என்று நேர் வந்ததால் தளை தட்டியது. சொல்லை மாற்றிக்கொண்டே போனபோதுதான், வழியில் என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘இல்’ இடத்தைக் காட்டும் உருபாகவும் இல்லாமையைக் காட்டும் சொல்லாகவும் நிற்கக்கூடியது என்பது கண்ணில் பட்டது. வழியில் வழி இல்லை என்பது சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் முழு வரலாறு. எதுகையும் மோனையும் தாமாகவே வந்து அமர்ந்தன. ஆனால் அந்தக் கடைசி ‘வா’வை என்னால் நியாயப்படுத்த முடியாது. படித்துக் காட்டியபோது என் தங்கை, “எங்கே வரச் சொல்றே அண்ணா, குழிக்குள்ளயா?” என்று கேட்டாள். அவள் கேள்வி செய்யுளைவிட நன்றாக இருந்ததால் ‘வா’வை அப்படியே விட்டுவிட்டேன்.

ஊர்ப்பெயரைப் பிரித்தல்

பிரிமொழிக்குப் பழகச் சிறந்த இடம் புறநகர் ரயில். கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் வழியில் நிலையப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தால், அவற்றில் பல ஏதோ ஒரு வினைச்சொல்லை வயிற்றுக்குள் வைத்திருப்பது தெரியும். கிண்டி என்றால் உப்புமா நினைவுக்கு வரும். மாம்பலம் என்பதை மாம்பழம் என்று சொல்லிவிடாத குழந்தை இல்லை. ரயில் தடத்தை விட்டு வெளியே வந்தால் பாடியில் பாட்டு இருக்கிறது; பெருங்குடியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் முடிவில் திறக்கப்பட்ட வெளியூர்ப் பேருந்து முனையம் கிளாம்பாக்கத்தில் அமைந்ததும், ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பலரும் அங்கே போய்க் கிளம்ப வேண்டியிருப்பதும், சொல் விளையாட்டுக்காரர்களுக்கு அரசு செய்து கொடுத்த ஏற்பாட்டைப் போலவே இருக்கிறது.

எழும்பூரை எழும்பு, ஊர் என்று பிரிக்கலாம். இது சொற்பிறப்பு ஆராய்ச்சி அன்று, வெறும் விளையாட்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சென்னையில் எழுந்திரு என்பதற்கு எந்திரி என்றே சொல்வார்கள். தெற்கத்திக்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும்தான் எழும்பு என்பது காலை நேரத்து அம்மாவின் குரலில் கேட்கும். அதனால் இந்தக் குறள் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பைத் தரும்.

எழும்பூரில் தூங்கினேன் தாம்பரம் வந்தேன்
எழும்பா தவர்க்கேது ஊர்.

இரண்டாம் அடியைப் பதம் பிரித்தால், எழும்பாதவர்க்கு ஏது ஊர் என்று வரும். சீருக்காகச் சொல்லை இப்படி நடுவில் வெட்டுவதை வகையுளி என்பார்கள். வெண்பா எழுதுபவருக்கு அது தவிர்க்க முடியாத கருவி. ஆனால் ஒரு குறளுக்கு ஓரிடத்துக்கு மேல் வெட்டினால் படிப்பவர் பொருளைத் தேடி அலைவாரே தவிரச் சிரிக்க மாட்டார். இந்தச் செய்யுளில் கேலிக்கு ஆளாகியிருப்பது தூங்கிப்போன நான்தான் என்பதையும் கவனியுங்கள். நகரத்தைப் பற்றிய நகைச்சுவையில், விற்பனை செய்பவரையோ துப்புரவு செய்பவரையோ கேலிப்பொருளாக்கினால் செய்யுள் உடனே கசந்துவிடுகிறது. மாட்டிக்கொண்டவன் எழுதியவனே என்றால் எவ்வளவு தூரமும் போகலாம்.

நேரிசை வெண்பாவில் முழுச் சிலேடை

இரண்டு மூன்று மாதம் குறள்களில் கை பழகிய பிறகு நான்கடி நேரிசை வெண்பாவுக்குப் போகலாம். முதல் மூன்று அடிகள் நான்கு சீர், கடைசி அடி மூன்று சீர். இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல்லாக நின்று முதலிரண்டு அடிகளின் எதுகையைப் பெற வேண்டும். பின்னிரண்டு அடிகள் வேறோர் எதுகையில் வரலாம். தளை விதி அதேதான்.

சிலேடைக்கு இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெற்றி தோல்வி முடிவாகிறது. தோற்றத்தில் ஒத்திருக்கும் பொருள்களை எடுக்காதீர்கள். பேருந்தையும் ரயிலையும் ஒப்பிட்டால் அது உவமையாகிவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், ஆனால் ஒரே சொற்களைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு பொருள்கள் வேண்டும். என் குறிப்பேட்டில் படி என்ற சொல்லுக்கு எதிரே பேருந்தும் பள்ளியும் இருந்தன. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு வேறென்ன சொற்களை அவை பங்கிடுகின்றன என்று தேடினேன். சீட்டு கிடைத்தது, பேருந்தில் இடம் பிடிப்பதற்கும் பள்ளியில் குழந்தைக்கு இடம் வாங்குவதற்கும் நாம் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். நடத்துநர் கிடைத்தார், வண்டியை நடத்துபவர் ஒருவர், பாடத்தை நடத்துபவர் ஒருவர். முன்னேறுவது இரண்டிடத்திலும் உண்டு. முதுகில் மூட்டையும் இரண்டிடத்திலும் உண்டு.

பாஸ் என்ற சொல்லும் கிடைத்தது. பேருந்துப் பாஸ், தேர்வில் பாஸ் என்று இரண்டு பொருளும் பளிச்சென்று இருந்ததால் முதலில் மகிழ்ந்தேன். ஆனால் எழுதத் தொடங்கியதும் அது மறுத்தது. பேருந்துப் பாஸை வாங்குகிறோம், காட்டுகிறோம். தேர்வில் பாஸ் ஆகிறோம். இரண்டுக்கும் பொதுவான வினை கிடைக்கவில்லை. சிலேடையில் பெயர்ச்சொல் மட்டும் இரட்டைப் பொருள் தந்தால் போதாது. அதோடு சேரும் வினையும் இரு பக்கத்துக்கும் இயல்பாகப் பொருந்த வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பொருந்தி மறுபக்கத்தில் நொண்டும் சொல்லை எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடத்தான் வேண்டும். நான் வருத்தத்தோடு பாஸை விட்டேன். எஞ்சியவற்றைக் கோத்தபோது கிடைத்த வெண்பா இது.

சீட்டுக் கலைவர் சிரமத்தோ டுள்நுழைவர்
மூட்டை முதுகேற்றி முன்னேறும் - கூட்டத்தில்
பாரும் படிபடி என்பார் நடத்துநர்
பேருந்தும் பள்ளியும் ஒன்று.

பேருந்தைப் பற்றியதாகப் படித்தால், இருக்கைக்காக அலைந்து, இடித்துப் பிடித்து உள்ளே நுழைந்து, பையை முதுகில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் நகரும் கூட்டத்தில், படியில் தொங்கும் இளைஞர்களைப் பார்த்து நடத்துநர், “படி! படி!” என்று எச்சரிக்கிறார். பள்ளியைப் பற்றியதாகப் படித்தால், இடத்துக்காகப் பெற்றோர் அலைந்து, பெரும்பாடு பட்டுச் சேர்த்து, புத்தக மூட்டையோடு வகுப்பு வகுப்பாக முன்னேறும் பிள்ளைகளைப் பார்த்து ஆசிரியர், “படி! படி!” என்கிறார். நடத்துநர் என்ற சொல் ஆசிரியருக்குச் சற்று இழுத்துப் போர்த்திய சட்டைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடம் நடத்தினார் என்று நாள்தோறும் சொல்வதால் அந்த இழுப்பு பெரிதாகத் தெரியவில்லை. கடைசி அடியில் மோனை இல்லை என்பதையும் யாப்பு அறிந்தவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். மோனை வெண்பாவுக்கு அழகே தவிரக் கட்டாயம் அன்று. அதைக் கொண்டுவருவதற்காகப் பேருந்தின் பெயரை மாற்றியிருந்தால் செய்யுள் தெருவை விட்டு இறங்கியிருக்கும்.

எழுதி முடித்தபின் சோதிக்கும் முறை ஒன்றே ஒன்று. யாப்பு தெரியாத ஒருவரிடம், எந்த முன்னுரையும் இல்லாமல், இயல்பான குரலில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். மடக்காக இருந்தால் கேட்டு முடித்ததும் சிரிப்பு வர வேண்டும். சிலேடையாக இருந்தால், இது எதைப் பற்றியது என்று கேளுங்கள். அவர் ஒரு பொருளைச் சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, “இல்லை, அதுவும்தான்” என்று மற்றொன்றையும் சொன்னால் தேறியது. நீங்கள் இலக்கியப் பொருளையும் நிகண்டுப் பொருளையும் எடுத்துச் சொல்லி விளக்க வேண்டியிருந்தால், செய்யுளை மூடிவைத்துவிட்டு வேறு சொல்லைத் தேடப் போகலாம்.

என் குறிப்பேட்டில் இந்தச் சோதனையில் தோற்றுக் கிடக்கும் குறள் ஒன்று இருக்கிறது. நிறுத்தத்தில் வந்து நின்ற பேருந்தின் வாசலை மறித்துக்கொண்டு ஒரு காளை படுத்திருக்க, உள்ளேயிருந்து நடத்துநர், “ஏறு, ஏறு” என்று கூவிக்கொண்டிருந்த காட்சியிலிருந்து பிறந்தது அது.

ஏறென்றார் பேருந்தில் ஏற வழியில்லை
ஏறொன்று வாசலில் உண்டு.

தளையில் பிழையில்லை, எதுகையும் இருக்கிறது, காட்சியும் கண்ணால் கண்டது. ஆனால் படித்துக் காட்டிய நான்கு பேரும் இரண்டாவது ஏறு என்னவென்று கேட்டார்கள். ஏறு தழுவுதல் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. பேருந்து நிறுத்தத்தில் படுத்திருக்கும் மாட்டை ஏறு என்று சென்னையில் எவரும் அழைப்பதில்லை. அந்தச் சொல்லின் ஒரு கால் தெருவில் நிற்கிறது, மற்றொரு கால் நூலகத்தில் நிற்கிறது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘மாடு’ என்று எழுதி, அதற்கு இரண்டாம் பொருள் ஏதேனும் தெருவில் கிடைக்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.